ஏரிக்கு எதுக்கு லைட் ஹவுஸ்? ஸ்ப்ளிட் ராக் சொல்லும் கதை

 

கலங்கரை விளக்கம்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கடல், உப்புக்காத்து, அலை, மணல். ஆனா இன்னைக்கு நாம போகப் போற கலங்கரை விளக்கம் கடற்கரையில இல்லை. அது ஒரு ஏரிக்கரையில நிக்குது. உடனே கேட்பீங்க, "ஏரிக்கு எதுக்குங்க லைட் ஹவுஸ்?"

நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ல ஏரின்னா, இந்தக் கரையில நின்னா அந்தக் கரையில இருக்கிற பனைமரம் தெரியும். ஆனா அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவுல இருக்கிற சுப்பீரியர் ஏரி அப்படி இல்லை. அதன் பரப்பளவு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கையை அப்படியே தூக்கி உள்ளே வெச்சாலும் இன்னும் இடம் மிச்சம் இருக்கும். ஆழமான இடத்துல 406 மீட்டர். பரப்பளவை வெச்சுப் பார்த்தா உலகத்திலேயே பெரிய நன்னீர் ஏரி இதுதான். அந்த மண்ணோட பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் இதுக்கு வெச்ச பெயர் 'கிச்சிகமி'. அப்படின்னா பெருங்கடல். அவங்க சரியாத்தான் பெயர் வெச்சிருக்காங்க.

இந்த ஏரியோட வடமேற்குக் கரையில, மினசோட்டா மாநிலத்துல, ஒரு செங்குத்துப் பாறை மேல மஞ்சள் செங்கல்ல ஒரு குட்டிக் கோபுரம் நிக்குது. பெயர் ஸ்ப்ளிட் ராக் லைட் ஹவுஸ். அமெரிக்காவுல அதிகமா ஃபோட்டோ எடுக்கப்படுற கலங்கரை விளக்கங்கள்ல இதுவும் ஒண்ணு. இன்ஸ்டாகிராம்ல நீங்க பார்த்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா அந்த அழகான படத்துக்குப் பின்னாடி ஒரு புயல் இருக்கு, ஒரு பெரிய கம்பெனியோட கணக்குவழக்கு இருக்கு, சில மனுஷங்களோட சாவும் இருக்கு. அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

இரும்பும் நவம்பரும்

முதல்ல இந்த ஏரியில அவ்வளவு கப்பல் ஏன் ஓடுச்சுன்னு பார்த்துடலாம். காரணம் ஒரே வார்த்தைதான்: இரும்பு. மினசோட்டாவுல மெசாபி மலைத்தொடர்னு ஒரு இடம் இருக்கு. 19-ம் நூற்றாண்டோட கடைசியில அங்கே ஏராளமான இரும்புத்தாது கிடைச்சது. அந்தத் தாது ரயில்ல ஏரிக்கரைக்கு வரும். டுலூத், டூ ஹார்பர்ஸ் மாதிரி துறைமுகங்கள்ல கப்பல்ல ஏறும். அங்கிருந்து ஏரி ஏரியாத் தாண்டி கிழக்கே இருக்கிற எஃகு ஆலைகளுக்குப் போகும். அமெரிக்காவோட ரயில் தண்டவாளங்கள், பாலங்கள், வானளாவிய கட்டடங்கள்னு எல்லாத்துக்கும் தேவையான இரும்புல பெரும்பங்கு இந்தத் தண்ணி வழியாத்தான் போச்சு.

ஆனா ஒரு சிக்கல். குளிர்காலம் வந்தா துறைமுகங்கள் பனியில உறைஞ்சுடும். வசந்தம் வரைக்கும் கப்பல் ஓடாது. அதனால நவம்பர் வந்துட்டா எல்லா முதலாளிகளுக்கும் ஒரே அவசரம். "உறையறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு ட்ரிப் அடிச்சுடலாம்." இயற்கை எப்படின்னா, அந்த நவம்பர் மாசத்துலதான் ஏரி ரொம்ப மோசமா இருக்கும். கோடையோட சூடு தண்ணியில இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கும். மேல வடதுருவத்துல இருந்து குளிர்காத்து வந்து இறங்கும். ரெண்டும் மோதினா புயல் வலுக்கும். பெரிய புயல்ல அலை 25 அடியைக்கூடத் தாண்டும். லாபத்துக்கான கடைசி வாரங்களும் ஆபத்தான வாரங்களும் ஒண்ணுதான். இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

1905, நவம்பர் 28

அன்னைக்கு அடிச்ச புயலுக்கு மட்டாஃபா புயல்னு பெயர். மட்டாஃபா ஒரு கப்பலோட பெயர். தாது ஏத்திக்கிட்டு, ஒரு பார்ஜையும் கட்டி இழுத்துக்கிட்டு, டுலூத் துறைமுகத்துல இருந்து அது கிளம்பியிருந்தது. நடு ஏரியில புயல் தாக்கியதும் திரும்பிடலாம்னு முடிவு பண்ணாங்க. பார்ஜை வெளியிலேயே கழட்டி விட்டுட்டு, துறைமுகத்தோட குறுகலான வாய்க்கால்ல நுழையப் பார்த்தது மட்டாஃபா. அலை அதைத் தூக்கி சுவர்ல அடிச்சது. கப்பல் கரைக்குச் சில நூறு அடி தூரத்துல தரை தட்டி உடைஞ்சது.

அந்தத் தூரத்தை யோசிச்சுப் பாருங்க. டுலூத் ஊர் மக்கள் ஆயிரக்கணக்குல கரைக்கு வந்துட்டாங்க. எதிர்ல கப்பல் தெரியுது. ஆனா அந்த அலையில படகு இறக்க முடியலை. கரையில தீ மூட்டி ராத்திரி முழுக்கக் காத்திருந்தாங்க. காலையில மீட்பு வீரர்கள் போய்ச் சேர்ந்தப்போ, கப்பலோட முன்பக்கத்துல இருந்த 15 பேர் உயிரோட இருந்தாங்க. பின்பக்கத்துல இருந்த 9 பேர் குளிர்ல உறைஞ்சு இறந்துட்டாங்க.

அதே புயல்ல, டுலூத்துக்கு வடகிழக்கே, பாறைகள் நிறைஞ்ச கரையில மடீரான்னு இன்னொரு பார்ஜ் மாட்டிக்கிச்சு. அதை இழுத்துக்கிட்டு வந்த வில்லியம் எடன்போர்ன் கப்பல், புயல்ல சமாளிக்க முடியாம கயிறை அறுத்து விட்டுடுச்சு. விட்ட கப்பலும் பக்கத்துலயே தரை தட்டியது. மடீரா இருட்டுல போய் கோல்ட் ராக்குங்கிற செங்குத்துப் பாறையில மோதுச்சு. மோதி மோதி உடையுது. உள்ள 10 பேர். அதுல ஃப்ரெட் பென்சன்னு ஒரு மாலுமி கையில ஒரு கயிறை எடுத்துக்கிட்டு, கப்பல் பாறைப் பக்கம் சாய்ஞ்ச நேரம் பார்த்து எகிறிக் குதிச்சார். ஐஸ் படிஞ்ச அந்தப் பாறையில, ராத்திரி இருட்டுல, சுமார் 60 அடி ஏறினார். மேல போய் கயிறைக் கீழே இறக்கினார். அதைப் பிடிச்சு 8 பேர் மேல வந்தாங்க. அவரோட சேர்த்து 9 உயிர். ஒருத்தரை மட்டும் ஏரி எடுத்துக்கிச்சு.

மொத்தத்துல அந்தப் புயல்ல மூழ்கியதும் சேதமானதுமா 29 கப்பல்கள். இறந்தவங்க 30 பேருக்கு மேல.

கணக்குப் போட்டவங்க

இப்போதான் அந்தக் கம்பெனி கதைக்குள்ள வருது. சேதமான கப்பல்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஒரே முதலாளிக்குச் சொந்தம்: யு.எஸ். ஸ்டீல். அன்னைக்கு உலகத்தோட மிகப்பெரிய எஃகு நிறுவனம். அந்தக் கப்பல்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. நஷ்டம் முழுக்க அவங்க தலையில. அதனால அவங்க வாஷிங்டனுக்குப் போனாங்க. "அந்தக் கரையில ஒரு கலங்கரை விளக்கம் வேணும்"னு கேட்டாங்க. பாறைகள்ல இருக்கிற இரும்பு கப்பலோட திசைகாட்டியை இழுத்துத் தப்புக் காட்டுதுங்கிறது கப்பல்காரங்க சொன்ன ஒரு காரணம். 1907-ல அமெரிக்க நாடாளுமன்றம் 75,000 டாலர் ஒதுக்கியது.

இங்க நான் கொஞ்சம் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கணும். ஒரு கலங்கரை விளக்கம் இருந்திருந்தா அந்த மனுஷங்க பிழைச்சிருப்பாங்களா?

மட்டாஃபாவோட 9 பேர் செத்தது இருட்டான பாறைக்கரையில இல்லை. ஒரு நகரத்தோட வாசல்ல. அங்க விளக்கு இருந்தது, தீ மூட்டியிருந்தாங்க, ஊரே பார்த்துக்கிட்டு இருந்தது. வெளிச்சம் இல்லாததால அவங்க சாகலை. மடீராவோ இழுத்துட்டுப் போகக் கப்பலே இல்லாம புயல்ல விடப்பட்ட பார்ஜ். எங்க இருக்கோம்னு தெரிஞ்சிருந்தாலும் அதால தானா எந்தப் பக்கமும் போயிருக்க முடியாது. விளக்கு ஒரு கப்பலுக்கு "நீ இங்க இருக்கே"ன்னு சொல்லும். நவம்பர் கடைசியில கிளம்பலாமா வேண்டாமான்னு அது சொல்லாது. அந்த முடிவு இன்னொரு இடத்துல எடுக்கப்பட்டது.

இன்னொரு விஷயம். உடைஞ்ச மட்டாஃபாவைப் பிறகு மீட்டு, சரி பண்ணி, பல வருஷம் ஓட்டினாங்க. 1965-லதான் அதை உடைச்சாங்க. கப்பலுக்கு 60 வருஷம் கூடுதல் ஆயுள் கிடைச்சது.

இதனால விளக்கு வீண்னு நான் சொல்ல வரலை. புயல் இல்லாத சாதாரண ராத்திரிகள்ல, மூடுபனி நாள்கள்ல, ஆயிரக்கணக்கான கப்பல்கள் அந்த ஒளியையும் சத்தத்தையும் நம்பித்தான் போச்சு. ஆனா எதுக்காகக் கட்டினாங்க, அது எதைச் செய்ய முடியும்ங்கிற ரெண்டையும் சேர்த்துப் புரிஞ்சுக்கணும்.

ரோடே இல்லாத இடத்துல ஒரு கோபுரம்

1909-ல கட்டுமானம் ஆரம்பிச்சது. வடிவமைச்சவர் ரால்ஃப் ரஸ்ஸல் டிங்கம்ங்கிற பொறியாளர். இடம் சுமார் 130 அடி உயரச் செங்குத்துப் பாறை. ரோடு கிடையாது. செங்கல், சிமென்ட், இரும்பு, சாப்பாடு, வேலையாட்கள்னு எல்லாமே ஏரி வழியா படகுல வரணும். பாறை உச்சியில நீராவியில ஓடுற ஒரு கிரேனை நிறுத்தி, படகுல இருந்து எல்லாத்தையும் மேல தூக்கினாங்க.

கோபுரத்தோட உயரம் வெறும் 54 அடி. நேர்ல பார்க்கிற பலருக்கு இது ஏமாத்தமாக்கூட இருக்கும். ஆனா பாறையே பாதி வேலையைச் செஞ்சுடுச்சு. அது மேல குட்டியா ஒரு எட்டுமுகக் கோபுரம் போதுமானதா இருந்தது.

1910, ஜூலை 31 ராத்திரி முதல் முறையா விளக்கு எரிஞ்சது. உள்ள இருந்த லென்ஸ் பாரிஸ்ல செஞ்சது. ஃப்ரெனல் லென்ஸ்னு சொல்வாங்க. ஒரே பெரிய கண்ணாடிக்குப் பதிலா, வளையம் வளையமா நிறையக் கண்ணாடிப் பட்டகங்களை அடுக்கி, சிதறிப் போற வெளிச்சத்தை எல்லாம் ஒரே கற்றையா மடக்கி அனுப்புற டெக்னிக். நடுவுல இருந்த விளக்கு என்னன்னு நினைக்கிறீங்க? மண்ணெண்ணெய். அழுத்தம் கொடுத்து, ஆவியாக்கி, ஒரு மேன்டில்ல எரிய விடுறது. நம்ம பாட்டி தாத்தா காலத்துல கல்யாண வீட்டுல, திருவிழாவுல எரிஞ்ச பெட்ரோமாக்ஸ் லைட் இருக்கு பாருங்க, அதே தத்துவம்தான்.

அந்தக் கனமான லென்ஸ் பாதரசத் தொட்டியில மிதந்துக்கிட்டே சுத்தும். உராய்வு குறைவுங்கிறதால லேசாத் தள்ளினாலே திரும்பும். சுத்துறதுக்கு மோட்டார் கிடையாது. பழைய ஊசல் கடிகாரம் மாதிரி, எடைக்கல் கோபுரத்துக்குள்ள மெதுவாக் கீழே இறங்க இறங்க லென்ஸ் சுத்தும். கல் கீழே வந்ததும் மறுபடி கையால சாவி கொடுக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி முழுக்க. 10 நொடிக்கு ஒரு மின்னல் அடிக்கும். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இப்படி ஒரு தனித் தாளம் உண்டு. அந்த இடைவெளியை எண்ணித்தான் மாலுமி "ஓ, இது ஸ்ப்ளிட் ராக்"னு கண்டுபிடிப்பார். அதிகாரபூர்வமா 22 மைல் தூரம் தெரியணும்.

மூடுபனி வந்துட்டா வெளிச்சத்தால பிரயோஜனம் இல்லை. அதுக்காகப் பக்கத்துலயே இன்னொரு கட்டடம். அங்க பெட்ரோல் எஞ்சின் வெச்சுக் காத்தை அழுத்தி, சங்கு மாதிரி ஊதுவாங்க. 1961 வரைக்கும் அந்தச் சத்தம் அங்க கேட்டது.

இதை எல்லாம் பார்த்துக்கிட்டது மூணு காவலர்கள். ஒருத்தர் தலைமை, ரெண்டு பேர் உதவி. மூணு பேருக்கும் ஒரே மாதிரி மூணு செங்கல் வீடு. கடைக்குப் போகணும்னாலும் தபால் வாங்கணும்னாலும் படகுதான். விளக்கு எரிய ஆரம்பிச்ச அதே 1910-ல, தபால் வாங்கப் படகுல போன ரெண்டு உதவிக் காவலர்கள் ஏரியில மூழ்கி இறந்துட்டாங்க. கப்பல்காரங்களைக் காப்பாத்த வந்தவங்களையே அந்த ஏரி மூணே மாசத்துக்குள்ள எடுத்துக்கிச்சு.

ரோடு வந்தது, விளக்கு போனது

1924-ல கரையோரமா நெடுஞ்சாலை வந்தது. இன்னைக்கு ஹைவே 61. அது எல்லாத்தையும் மாத்திடுச்சு. கார்ல ஜனங்க வர ஆரம்பிச்சாங்க. ராத்திரி முழுக்க விளக்கைப் பார்த்துக்கிட்ட காவலர்கள், பகல்ல டூரிஸ்ட்டுகளுக்குச் சுத்திக் காட்ட வேண்டியதாச்சு. 1940-ல மின்சாரம் வந்தது. மண்ணெண்ணெய் போய் 1,000 வாட் பல்பு வந்தது.

அப்புறம் ரேடார், ரேடியோன்னு கப்பலுக்குள்ளயே புதுக் கருவிகள் வந்துடுச்சு. "இனி இந்த விளக்கு தேவையில்லை"ன்னு 1969-ல அமெரிக்கக் கடலோரக் காவல்படை அதை அணைச்சுடுச்சு. வெறும் 59 வருஷம்தான் வேலை. அதுக்கப்புறம் மாநில அரசுகிட்ட வந்து, 1976-ல மினசோட்டா வரலாற்றுச் சங்கத்தோட பொறுப்புக்கு வந்தது. 2011-ல தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க.

விளக்கு அணைஞ்சு 6 வருஷம் கழிச்சு, 1975 நவம்பர். மறுபடியும் அதே மாசம். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு 729 அடி நீளக் கப்பல், மினசோட்டா இரும்புத்தாதுவோட கிழக்கே போச்சு. நவம்பர் 10 அன்னைக்குப் புயல். கப்பலோட ரேடார் வேலை செய்யலை. எந்தக் கருவி வந்ததால விளக்கு வேண்டாம்னு சொன்னாங்களோ, அதே கருவி. கப்பல்ல இருந்து ரேடியோவுல கேட்டாங்க: "வொயிட்ஃபிஷ் பாயின்ட் விளக்கு எரியுதா?" ரெண்டுமே, விளக்கும் ரேடியோ சிக்னலும், வேலை செய்யலைன்னுதான் பதில் வந்தது. அன்னைக்கு ராத்திரி அந்தக் கப்பல் மூழ்கியது. 29 பேர். ஒருத்தர் உடல்கூடக் கரைக்கு வரலை.

இது நடந்தது ஏரியோட இன்னொரு கோடியில. ஸ்ப்ளிட் ராக் எரிஞ்சிருந்தாலும் அவங்களுக்கு உதவியிருக்காது. ஆனாலும் 1985-ல இருந்து ஒவ்வொரு நவம்பர் 10-ம் தேதி மாலையும் ஸ்ப்ளிட் ராக்ல ஜனங்க கூடுறாங்க. இருட்டுற நேரம். 29 பேரோட பெயரையும் ஒண்ணு ஒண்ணா வாசிப்பாங்க. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி அடிக்கும். 29 முடிஞ்சதும் இன்னொரு தடவை, 30-வது மணி. அது இந்த ஏரிகள்ல இறந்த மத்த எல்லாருக்கும். மட்டாஃபாவோட 9 பேர், தபால் வாங்கப் போன அந்த ரெண்டு பேர், எல்லாரும் அந்த ஒரு மணிக்குள்ள வந்துடுறாங்க. அப்புறம் மேல விளக்கை ஏத்துவாங்க.

எனக்கு இதுதான் இந்தக் கதையில முக்கியமா படுது. கப்பல் நஷ்டத்தைத் தடுக்கக் கட்டின விளக்கு அது. இன்னைக்கு அதை நம்பி ஒரு கப்பலும் போறதில்லை. ஆனா செத்தவங்க பெயரைச் சொல்றதுக்காக அதை ஏத்துறாங்க. 1907-ல பணம் கேட்டுப் போனவங்களோட கணக்குல இந்த வேலை இருந்திருக்காது.

நீங்க போனா

சரி, போகணும்னு தோணுதா? டுலூத்துல இருந்து ஹைவே 61-ல வடகிழக்கே சுமார் 75 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மினியாபோலிஸ்ல இருந்துன்னா சுமார் மூணரை மணி நேரம். கார் இருந்தாத்தான் வசதி. மே மாசப் பாதியில இருந்து அக்டோபர் வரைக்கும்தான் முழு சீசன். நேரமும் கட்டணமும் மாறும், கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க இணையதளத்தைப் பார்த்துக்கோங்க.

உள்ள போனா மூணு விஷயத்தை விட்டுடாதீங்க. ஒண்ணு, கோபுரம் ஏறி அந்த பாரிஸ் லென்ஸைப் பக்கத்துல பாருங்க. ரெண்டு, காவலர் வீடு. 1920-கள்ல எப்படி இருந்ததோ அப்படியே வெச்சிருக்காங்க. சமையலறையில நின்னு, அடுத்த மளிகை படகுல எப்போ வரும்னு யோசிச்சுப் பாருங்க. மூணு, படியிறங்கிக் கரைக்குப் போங்க. அந்தக் காலத்துல சாமான் ஏத்தின டிராம் பாதையோட கான்கிரீட் தூண்கள் இன்னும் நிக்குது. எல்லாரும் போடுற அந்த ஃபேமஸ் ஃபோட்டோ கீழ இருந்துதான் எடுக்கணும். திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும், பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா பார்த்துக்கோங்க.

பக்கத்துலயே கோல்ட் ராக். பென்சன் ஏறின பாறை. அதுக்குக் கீழ, தண்ணிக்கு அடியில மடீராவோட துண்டுகள் இன்னும் கிடக்குது. டைவிங் பண்றவங்க இறங்கிப் பார்க்குறாங்க. நீங்க இறங்க வேண்டாம். மேல இருந்து எட்டிப் பார்த்தாலே போதும், ஒரு மனுஷன் கயிறோட அங்க ஏறினாருங்கிறது நம்ப முடியாததா இருக்கும்.

நவம்பர் 10-க்குப் போக முடிஞ்சா இன்னும் நல்லது. வழக்கமா அந்த ஒரு மாலையிலதான் இருட்டினப்புறம் மேல ஏறி, எரியுற விளக்கைப் பக்கத்துல பார்க்க விடுறாங்க. தடிமனான ஜாக்கெட், கையுறை, குல்லா எல்லாம் எடுத்துட்டுப் போங்க. நவம்பர் அங்க எப்படி இருக்கும்னு இவ்வளவு நேரம் சொல்லிட்டேன்.

உங்களுக்குத் தெரிஞ்ச வேற ஏதாவது கலங்கரை விளக்கம் இருந்தா, அது யாருக்காகக் கட்டினது, இப்போ என்ன ஆச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.